இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளி யாருக்கு? ஓ சாங்-உக் வழியாகச் சேபர் வாள்வீச்சு

பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டு, கிழிந்த சட்டையோடு தலைமை ஆசிரியர் முன்னால் போய் நின்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "முதல்ல கை வெச்சது யாருடா?" என்பதுதான். ஆரம்பித்தவனுக்கு அடி கூடுதலாக விழும். சேபர் வாள்வீச்சில் நடுவர் ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்குள் கேட்டுக்கொள்வதும் ஏறக்குறைய இதே கேள்விதான். ஆனால் இங்கே ஆரம்பித்தவருக்குப் பரிசு கிடைக்கும்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் சேபர் பார்த்தால் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது. 2024 ஜூலை 27, பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் சேபர் இறுதி ஆட்டம். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். கொரியாவின் ஓ சாங்-உக்கும் துனிசியாவின் ஃபாரெஸ் ஃபெர்ஜானியும் மோதினார்கள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்கிறார்கள், சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றாக எரிகின்றன, இருவருமே ஏதோ தானே ஜெயித்தது போலக் கத்திக்கொண்டு முஷ்டியை உயர்த்துகிறார்கள். அப்புறம் இருவரும் நடுவரைப் பார்க்கிறார்கள். அவர் ஒரு பக்கம் கையை நீட்டுகிறார். ஒருவருக்குப் புள்ளி, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருமே தொட்டுவிட்டார்கள் என்று இயந்திரமே சொல்லும்போது இது என்ன நியாயம்?

அந்த நியாயத்தின் பெயர் முன்னுரிமை. தாக்கும் உரிமை என்றும் சொல்லலாம். இதைப் புரிந்துகொள்ள ஓ சாங்-உக்கைவிட நல்ல பாடம் இப்போதைக்குக் கிடையாது. அவருடைய வெற்றிகள், தோல்விகள், காயங்கள் எல்லாமே இந்த உரிமையை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

முதலில் ஆயுதங்களைப் பார்த்துவிடுவோம். ஒலிம்பிக் வாள்வீச்சில் மூன்று வகை வாள்கள் உண்டு: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயிலில் முனையால் குத்த வேண்டும், உடம்பின் நடுப்பகுதி மட்டும்தான் இலக்கு. எப்பேயிலும் முனைதான், ஆனால் தலை முதல் கால் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. சேபர் வேறு ஜாதி. முனையால் குத்தலாம், விளிம்பால் வெட்டலாம். வெட்டுதான் அதிகம். இலக்கு இடுப்புக்கு மேலே: தலை, தோள், கை, மார்பு, முதுகு. மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள கை மட்டும் கணக்கில் வராது. குதிரைப்படை வீரனின் வாளிலிருந்து வந்த ஆயுதம் இது. அதனால்தான் இலக்கு இடுப்புக்கு மேல் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்மில் பலருக்குச் சேபர் என்ற சொல் அறிமுகமானது சென்னைக்காரர் பவானி தேவியால்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கியபோது, ஒலிம்பிக்கில் ஆடும் முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனார். அவருடைய ஆயுதமும் இதே சேபர்தான். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என்று முடித்தார், அடுத்ததில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றார். அன்றைக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "என்ன நடந்ததுன்னே புரியலை" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். கட்டுரை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் மேல்சட்டையில் உலோக இழை ஓடுகிறது. முகக்கவசத்திலும் மின்சாரம் பாயும். வாள் அதன்மேல் பட்டதும் விளக்கு எரியும். சேபருக்கு இந்த மின்சார ஏற்பாடு ஒலிம்பிக்கில் வந்தது 1992 பார்சிலோனாவில்தான். அதற்கு முன்னால் நான்கு துணை நடுவர்கள் சுற்றி நின்று, பட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். எத்தனை தகராறு நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வந்த பிறகு பட்டதா என்ற தகராறு தீர்ந்தது. யாருக்கு உரிமை என்ற தகராறு தீரவில்லை. ஒருவர் தொட்ட பிறகு மற்றவர் 170 மில்லி நொடிக்குள் தொட்டால் அவருடைய விளக்கும் எரியும். அதைத் தாண்டினால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும், இரண்டாவது விளக்கு எரியாது. 170 மில்லி நொடி என்பது ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கண் சிமிட்டி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். 2016 வரை இந்த இடைவெளி 120 மில்லி நொடியாக இருந்தது. இப்படிக் கூட்டியதில் இரண்டு விளக்கும் எரிவது அதிகமாகிவிட்டது. அதாவது நடுவருக்கு வேலை கூடியது.

ஒரே ஒரு விளக்கு எரிந்தால் பேச்சே இல்லை, அவருக்குப் புள்ளி. இரண்டும் எரிந்தால்தான் முன்னுரிமைக் கேள்வி வரும். யார் முதலில் தொட்டார் என்பதை நடுவர் பார்ப்பதில்லை. இது ரொம்ப முக்கியம். யார் முதலில் தாக்குதலைத் தொடங்கி, தயங்காமல் கையை நீட்டிக்கொண்டு முன்னே வந்தார் என்பதைத்தான் பார்க்கிறார். உங்கள் வாள் அரைக் கணம் முந்திப் பட்டிருக்கலாம். ஆனால் தாக்குதலைத் தொடங்கியவர் அவர் என்றால், நீங்கள் செய்தது வெறும் எதிர்த்தாக்குதல். புள்ளி அவருக்கு.

இப்படி ஒரு விதி ஏன்? உண்மையான கூரிய வாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உங்கள் தலையை நோக்கி வாளை வீசிக்கொண்டு வருகிறான். புத்தியுள்ளவன் முதலில் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்வான். அதை விட்டுவிட்டு "நானும் உன் கையை வெட்டுகிறேன் பார்" என்று பதிலுக்கு வீசினால் இரண்டு பேரும் சாவார்கள். வருகிற வாளை முதலில் சமாளி, அப்புறம் உன் வாளை வீசு என்பதுதான் இந்த விதியின் உட்பொருள்.

எப்பேயில் இந்த விதி கிடையாது. இருவரும் ஒன்றாகத் தொட்டால் இருவருக்கும் புள்ளி. 2016 ரியோ எப்பே இறுதி ஆட்டத்தில் கொரியாவின் பார்க் சாங்-யோங் 10-14 என்று பின்தங்கிய நிலையில், ஹங்கேரியின் கேசா இம்ரேவுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். இருவரும் சேர்ந்து தொட்டால்கூட இம்ரே ஜெயித்துவிடுவார். அந்த இடத்திலிருந்து பார்க் தொடர்ச்சியாக ஐந்து புள்ளிகளைத் தனி விளக்காகவே எடுத்து 15-14 என்று தங்கம் வென்றார். அது வேறு ஆட்டம், வேறு கணக்கு. சேபரில் அதே 14-10 எப்படி இருக்கும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உரிமை எப்படிக் கை மாறுகிறது

ஆடுதளத்துக்குப் பிஸ்ட் என்று பெயர். நீளம் 14 மீட்டர், அகலம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ஒரு குறுகலான சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார்கள். நடுவர் பிரெஞ்சில் "ஆன் கார்ட், ப்ரே, அலே" என்பார். அலே என்றால் போ. போனதும் அந்த நான்கு மீட்டருக்குள் நடப்பதுதான் சேபரின் பாதி.

இருவரும் "அலே" கேட்டதும் ஒரே மாதிரி பாய்ந்து ஒரே நேரத்தில் வெட்டினால் அது சமத் தாக்குதல். யாருக்கும் புள்ளி கிடையாது, திரும்பப் போய் நில்லுங்கள். ஒரே ஆட்டத்தில் இது பலமுறை நடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் "என்னப்பா, ஒண்ணுமே நடக்கலை" என்று அலுத்துக்கொள்வது இங்கேதான். உள்ளே நிறைய நடக்கிறது. ஒருவர் நினைப்பார்: இவர் மறுபடியும் நேராகப் பாயப்போகிறார், நான் பாய்வது போல ஒரு எட்டு வைத்து, சட்டென்று பின்னால் போனால் அவர் வாள் காற்றை வெட்டும். எட்டாமல் போனதும் அவருடைய உரிமை காலி, இனி என் முறை. இன்னொருவர் நினைப்பார்: அவர் பின்னால் போவார் என்று தெரியும், அதனால் நான் நிதானமாகத் துரத்திப் போய்க் கடைசியில் வெட்டுகிறேன். கல், காகிதம், கத்தரி விளையாட்டுதான். ஒரு நொடிக்குள் வாளோடு விளையாடுகிறார்கள்.

உரிமை கை மாறுவதற்கு வழிகள் சில உண்டு. வருகிற வெட்டை உங்கள் வாளால் தடுத்தால், உடனே திருப்பி வெட்டும் உரிமை உங்களுக்கு. தாக்குபவர் எட்டாமல் தவறவிட்டாலும் உங்களுக்கு. அவர் நடுவில் தயங்கி நின்றாலோ, நீட்டிய கையை மடக்கினாலோ அந்தக் கணமே உரிமை போய்விடும். இந்தத் தயக்கம்தான் நடுவர்களின் தலைவலி. நின்றாரா, இல்லை வேகத்தை மட்டும் குறைத்தாரா? காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள், முறையீடு செய்ய ஆட்டக்காரருக்கு வாய்ப்பும் இருக்கிறது. அப்படியும் சேபர் இருக்கும் வரை நடுவரைத் திட்டுவதும் இருக்கும். இதை ஒரு குறையாகவே நான் நினைக்கிறேன். ஆனால் இந்த விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு மோதுவதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, உரிமை கையில் இல்லை, காலில் இருக்கிறது. யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார், யாருடைய எட்டு எப்போது நிற்கிறது. அதிலும் சேபரில் முன்னேறும்போது பின்காலை முன்காலுக்கு முன்னால் கொண்டுவரக் கூடாது. ஓடி வந்து மோதுவதைத் தடுக்க வந்த விதி அது. அதனால் எல்லோரும் நண்டு மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தே நகர்கிறார்கள்.

கால் வாள்வீச்சு

வாள்வீச்சு ஐரோப்பியர்களின் வீட்டுச் சொத்து போல இருந்தது. சேபரில் ஹங்கேரி 1928 முதல் 1960 வரை அணிப் பிரிவில் தொடர்ந்து ஏழு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு. கொரியர்களுக்குச் சராசரியாக உயரமும் கை நீளமும் அவ்வளவு கிடையாது. நீண்ட கைக்காரனிடம் கையை வைத்துச் சண்டை போட்டால் தோல்விதான். அவர்கள் கண்டுபிடித்த வழி கால். எதிராளி ஒரு எட்டு வைக்கும் நேரத்தில் இரண்டு எட்டு வை. நெருங்கு, விலகு, மறுபடி நெருங்கு. அவன் தயங்கும்படி செய். கொரியர்களே இதை "பால் பென்சிங்" என்கிறார்கள். பால் என்றால் அவர்கள் மொழியில் கால், பாதம். கால் வாள்வீச்சு.

2000 சிட்னியில் கிம் யோங்-ஹோ ஃபாயிலில் கொரியாவின் முதல் வாள்வீச்சுத் தங்கத்தை வென்றார். 2012 லண்டனில் ஒரேயடியாக ஆறு பதக்கங்கள், அதில் இரண்டு தங்கம், இரண்டுமே சேபரில். பெண்களில் கிம் ஜி-யோன், ஆண்களில் அணி. ருமேனியாவை 45-26 என்று அடித்தார்கள். சிலம்பம் கற்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கம்பைத் தொடும் முன் காலடி பழக்குகிற வாத்தியாரைப் பார்த்தவர்கள்தானே.

லண்டன் தங்கம் நடக்கும்போது தேஜோன் நகரத்தில் ஒரு பள்ளிப் பையன் வாள்வீச்சு பழகிக்கொண்டிருந்தான். 1996 செப்டம்பர் 30 அன்று பிறந்தவன், பெயர் ஓ சாங்-உக். குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால் "ஓ" என்பதுதான் குடும்பப் பெயர். அண்ணன் வாள்வீச்சு ஆடினான், தம்பியும் பின்னாலேயே போனான், நடுநிலைப் பள்ளி முதல் ஆண்டில். வீட்டில் வசதி கிடையாது. வாள், உடை, முகக்கவசம் எல்லாம் செலவு பிடிக்கும் விஷயம். உள்ளூரில் விளையாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய ஒரு குழுவின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது.

அப்போது அவர் உயரமும் கிடையாது. சக பையன்களோடு ஒப்பிட்டால் குள்ளம். குள்ளமாக இருப்பவன் என்ன செய்வான்? காலைத்தான் நம்புவான். எட்டு வைப்பது, விலகுவது, அடிப்படைத் தடுப்புகள் எல்லாவற்றையும் அவர் ஒரு குள்ளனின் அவசரத்தோடு கற்றுக்கொண்டார். பிறகு உடம்பு வளரத் தொடங்கியது. வளர்ச்சி நின்றபோது உயரம் 192 சென்டிமீட்டர். கைகளை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உயரமாகவே வளர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கை நீளத்தை நம்பிச் சோம்பேறியாகிவிடுவார்கள். குள்ளமானவர்கள் காலை வளர்ப்பார்கள், ஆனால் கடைசி அரை மீட்டர் எட்டாது. ஓ சாங்-உக்குக்குக் குள்ளனின் காலும் நெட்டையனின் கையும் சேர்ந்து கிடைத்தன. முன்னுரிமை மொழியில் சொன்னால், காலால் உரிமையைப் பிடித்துக்கொள்வார், எதிராளி "இவ்வளவு தூரத்திலிருந்து எட்டாது" என்று நினைக்கும் இடத்திலிருந்து ஒரு நீண்ட பாய்ச்சலில் அதைப் புள்ளியாக்குவார். பின்வாங்கித் தப்பிக்கலாம் என்ற வழி அவரிடம் பலிப்பதில்லை. 2014 கடைசியில், உயர்நிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போதே தேசிய சேபர் அணிக்குள் வந்துவிட்டார். அவருக்கு விழுந்த பட்டப்பெயர், ராட்சசன்.

அண்ணனோடு ஒரு புள்ளி

2017, 2018 உலகச் சாம்பியன்ஷிப்களில் அணித் தங்கம் கிடைத்தது. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது கொரியர்கள் முதலில் சொல்லும் கதை 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் சொந்த அணியின் மூத்தவர், அணிக்குள் ஓவுக்கு அண்ணன் மாதிரியான கூ போன்-கில். 2010, 2014 இரண்டு ஆசிய விளையாட்டிலும் தனிநபர் தங்கம் வென்றவர், லண்டன் அணித் தங்கத்திலும் இருந்தவர்.

கொரியாவில் ஆண்கள் கட்டாய ராணுவச் சேவை செய்ய வேண்டும். ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுத் தங்கமோ வென்றவர்களுக்கு மட்டும் அதற்குப் பதிலாகச் சில வாரப் பயிற்சியும் மாற்று ஏற்பாடும் உண்டு. கூ அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார். தம்பிக்கு இன்னும் கிடைக்கவில்லை. விளையாட்டு வீரனின் நல்ல வயதில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போய்விடும். அண்ணன் தோற்றுக்கொடுத்திருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கூ தோற்றுக்கொடுக்கவில்லை. 15-14. தொடர்ந்து மூன்றாவது தங்கம். வென்ற பிறகு பேசும்போது கண்ணீர் விட்டவர் கூதான். அணிப் பிரிவில் தம்பிக்குத் தங்கம் வாங்கித் தருவேன் என்றார், வாங்கியும் தந்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே இருவர், அதே இறுதி ஆட்டம். இம்முறை கூவுக்கு நான்காவது தொடர் தங்கம் கிடைக்க வேண்டிய இடம். ஓ 15-7 என்று முடித்தார். கடன் தீர்ந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். இரண்டு பேரும் மறுபடி ஒரே அணியில் நின்று அணித் தங்கத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் நடந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஏறியதும் இறங்கியதும் நிறைய. 2019 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஹங்கேரியர்களின் சொந்த ஊரிலேயே அவர்களுடைய ஆந்திராஷ் சாத்மாரியை 15-12 என்று வென்று தனிநபர் உலகச் சாம்பியன் ஆனார். அணித் தங்கமும் கூடவே வந்தது. உலகத் தரவரிசையில் முதல் இடத்தோடு டோக்கியோவுக்குத் தயாரானவருக்கு, 2021 மார்ச்சில் கொரோனா தொற்றியது. டோக்கியோ காலிறுதியில் ஜார்ஜியாவின் சாண்ட்ரோ பசாட்சேயோடு ஆடும்போது கணுக்கால் மடங்கியது. 13-15 என்று தோற்றார்.

கணுக்கால் என்பதைக் கவனியுங்கள். சேபரில் கணுக்கால் போனால் முன்னுரிமையே போய்விடும். காலை நம்பிப் பாய முடியாதவர் பின்வாங்குவார், பின்வாங்குபவருக்கு உரிமை கிடையாது. அந்த வலியோடுதான் சில நாள் கழித்து அணிப் போட்டியில் நின்றார். கிம் ஜங்-ஹ்வான், கூ போன்-கில், கிம் ஜுன்-ஹோ, ஓ நால்வரும் சேர்ந்து இத்தாலியை 45-26 என்று வென்றார்கள். லண்டன் இறுதி ஆட்டத்தின் அதே புள்ளிக் கணக்கு. 2022 கடைசியில் அவருடைய கணுக்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை வரை போனது. 2024 தொடக்கத்தில் வாள் பிடிக்கும் கையின் மணிக்கட்டில் காயம். பாரிஸுக்கு அவர் போனபோது தங்கம் நிச்சயம் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

கண்ணாடிக் கூரையின் கீழ்

பாரிஸில் வாள்வீச்சு நடந்தது கிராண்ட் பாலேயில். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடம், மேலே முழுக்கக் கண்ணாடி. மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தனிநபர் தங்கம் வாங்கிய ஹங்கேரியின் ஆரோன் சிலாகி, கனடாவின் ஃபாரெஸ் அர்ஃபாவிடம் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார். அந்த அர்ஃபாதான் காலிறுதியில் ஓவுக்கு எதிராளி. 15-13. அன்றைக்கு ஓ உண்மையில் மாட்டிக்கொண்ட ஆட்டம் அதுதான். அரையிறுதியில் டோக்கியோ வெள்ளிப் பதக்கக்காரரான இத்தாலியின் லூயிஜி சாமேலேயை 15-5 என்று ஒதுக்கித் தள்ளினார்.

இறுதி ஆட்டத்தில் ஃபெர்ஜானிக்கு எதிராக 14-5. முடிந்துவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது கணக்கு மாறியிருந்தது. 14-11 வரை வந்துவிட்டார் ஃபெர்ஜானி.

மேலே ரியோ ஆட்டம் பற்றிச் சொன்னேனே, இப்போது அதைச் சேபரில் பொருத்திப் பாருங்கள். எப்பே என்றால், 14 இல் நிற்பவர் இருவரும் சேர்ந்து தொடும்படி பார்த்துக்கொண்டால் போதும். சேபரில் அந்த வசதி இல்லை. முன்னால் இருப்பவருக்கு ஒரு புள்ளிதான் வேண்டும், அதனால் அவசரப்பட வேண்டாம், எதிராளி தவறட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். காத்திருந்தால் உரிமை எதிராளிக்குப் போகும். இழக்க ஒன்றுமில்லாத எதிராளி நேராகப் பாய்வார். காத்திருப்பவர் தடுக்க வேண்டும், ஒரு தடுப்பு தவறினால் ஒரு புள்ளி போச்சு. அன்றைக்கு நடந்தது இதுதான் என்பது என் வாசிப்பு. பயிற்சியாளர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். கடைசியில் ஓ பழையபடி முன்னேறிப் பாய்ந்தார். 15-11.

அந்த ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஓ துரத்த, பின்வாங்கிக்கொண்டே போன ஃபெர்ஜானி தடுமாறி மல்லாந்து விழுந்தார். வெட்டியிருக்கலாம். ஓ வாளை இறக்கிவிட்டுக் கையை நீட்டித் தூக்கிவிட்டார்.

பாரிஸில் கொரியாவுக்கு அது முதல் தங்கம். ஆண்கள் சேபர் தனிநபர் பிரிவில் கொரியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே. ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, ஆசியச் சாம்பியன்ஷிப் நான்கிலும் தனிநபர் தங்கம் என்ற கணக்கும் அன்றைக்கு நிறைவானது. இவ்வளவும் செய்தவரை வாழ்த்தப்போன சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் கொரிய மொழிப் பதிவு, பெயரை ஓ சாங்-கு என்று போட்டுவிட்டது. முந்தைய நாள்தான் தொடக்க விழாவில் தென் கொரியாவை வட கொரியா என்று அறிவித்திருந்தார்கள். கொரியர்கள் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோற்றும் ஜெயித்த கடைசிச் சுற்று

அணிப் போட்டி தொடர் ஓட்டம் மாதிரி. அணிக்கு மூன்று பேர். ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் மோத, மொத்தம் ஒன்பது சுற்று. முதல் சுற்று 5 புள்ளி வரை, இரண்டாவது 10 வரை, இப்படியே 45 வரை. முந்தையவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குவார். பின்தங்கியிருக்கும் அணியின் ஆள் ஒரே சுற்றில் பத்துப் புள்ளிகூட எடுக்கலாம். நான்காவதாக ஒரு மாற்று ஆள் வெளியே உட்கார்ந்திருப்பார்.

2024 ஜூலை 31, இறுதி ஆட்டத்தில் ஹங்கேரி. கொரியாவில் ஓ, கூவோடு இரண்டு இளைஞர்கள், பார்க் சாங்-வோன், டோ கியோங்-டோங். ஆறு சுற்று முடிந்தபோது 30-29. கத்தி முனை மாதிரியான இடத்தில் கூவை வெளியே எடுத்துவிட்டு, அதுவரை பாரிஸில் ஒரு சுற்றுகூட ஆடாத டோவை இறக்கினார்கள். அவர் 5-0 என்று முடித்துவிட்டுத் திரும்பினார். 35-29. அந்தச் சுற்றைத் தேடிப் பாருங்கள், முன்னுரிமை என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சின்ன பாடம் கிடையாது. முன்னே, முன்னே, முன்னே என்று போய்க்கொண்டே இருக்கிறார்.

எட்டாவது சுற்று முடிய 40-33. கடைசிச் சுற்றில் ஓ சாங்-உக், எதிரே சிலாகி. தனிநபரில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறிய கோபம் முழுக்க அன்றைக்கு அந்த மனிதரின் வாளில் இருந்தது. ஓ ஐந்து புள்ளி எடுப்பதற்குள் சிலாகி எட்டுப் புள்ளி எடுத்துவிட்டார். தனிச் சுற்றாகப் பார்த்தால் ஓ 5-8 என்று தோற்றிருக்கிறார். அணிக் கணக்கில் 45-41. லண்டன், டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று தொடர் தங்கம். இடையில் வந்த ரியோவில் சுழற்சி முறைப்படி ஆண்கள் சேபர் அணிப் பிரிவே இல்லை. சேபர் அணியில் தொடர்ந்து மூன்று முறை வென்ற நாடு அதற்கு முன் எதிரே நின்ற ஹங்கேரிதான், அறுபது ஆண்டுக்கு முன்னால்.

சரி, அடுத்த முறை சேபர் பார்க்கும்போது முதல் சில புள்ளிகளுக்கு வாளைப் பார்க்காதீர்கள், எப்படியும் கண்ணுக்குத் தெரியாது. கால்களைப் பாருங்கள். யார் முன்னே வருகிறார், யாருடைய எட்டு முதலில் தடுமாறுகிறது என்று பார்த்து, நடுவர் கையை நீட்டுவதற்குள் நீங்களே புள்ளியைச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஐந்து தப்பாக வரும். அந்த ஐந்திலும் தோற்றவர் நடுவரைப் பார்த்துக் கையை விரித்துக் கத்திக்கொண்டிருப்பார், அதனால் ரொம்பவும் கவலைப்பட வேண்டாம்.